எட்டு மாசமா ஓடுறேன், முன்னவிட இப்ப மெதுவாயிட்டேன். விட்டுடலாமா?

சிப்புட்காரன்:

வணக்கம் எல்லாருக்கும். இங்க வந்து படிச்சிட்டு சத்தமில்லாம போறவன் நான், மொத தடவ எழுதுறேன், கொஞ்சம் நீளமா போவும், பொறுத்துக்குங்க.

வயசு 43. மலேசியாவுல சுங்கை சிப்புட்ல தோட்டத்த ஒட்டுன தாமான், அதாவது குடியிருப்பு, வீட்டுக்குப் பின்னாடி செம்பனக்காடு. பேக்டரில ஷிப்ட் வேல. போன வருஷம் ரத்தம் எடுத்துப் பாத்ததுல இனிப்புநீர் வாசப்படியில நிக்கிறேன்னு சொல்லிட்டாங்க. எங்கப்பாவுக்கு ஒரு காலு போனதே அதுலதான், அதனால அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. மறுநாள் இருட்டுலயே எந்திரிச்சு, மவனோட பழைய பள்ளிக்கூட சப்பாத்த மாட்டிக்கிட்டு ஓட ஆரம்பிச்சேன். மூணு லைட்டுக்கம்பம் தாண்டல, மூச்சு வாங்கி கோயில் மதில்ல சாஞ்சு நின்னுட்டேன். ஐயரு தண்ணி வேணுமான்னு கேட்டாரு.

அப்புறம் மூணு கம்பம் ஆறாச்சு, ஆறு பத்தாச்சு. ரெண்டாவது மாசக் கடைசில நிக்காம மூணு கிலோமீட்டர். அஞ்சாவது மாசம் ஒருநாள் 5 கிலோமீட்டர் 33 நிமிஷம்! அந்த வாரம் பூரா நான் தரையில நடக்கல, பேக்டரில எல்லார்கிட்டயும் போனக் காட்டிட்டுத் திரிஞ்சேன். 240 வெள்ளிக்கு புது சப்பாத்து வாங்குனேன், வீட்டுல தெரியாது, 90ன்னு சொல்லி வெச்சிருக்கேன். ஈப்போல ஒரு ஓட்டக் குரூப்புல சேந்தேன். அங்கதான் ஆரம்பிச்சிச்சு. தெனமும் காலையில ஒவ்வொருத்தனும் நேரத்தப் போடுறான், 26 நிமிஷம், 24 நிமிஷம்னு. எப்பிடியாச்சும் 30க்குள்ள வந்துடணும்னு நானும் தெனமும் நாக்கு தொங்க ஓடுனேன்.

இப்ப 37 நிமிஷம். மேல போவுதே தவிர கீழ எறங்கல. காலையில கட்டில்ல இருந்து காலக் கீழ வெச்சா குதிகால்ல ஆணி அடிச்ச மாதிரி ஒரு வலி, குளிச்சிட்டு பசியாறுறதுக்குள்ள கொஞ்சம் விட்டுடும். மூணாவது முச்சந்தில நாலு நாய் எனக்குன்னே காத்துக்கிட்டு இருக்கு. தேத்தண்ணிக் கடையில “யாரு தொரத்துறா, கடன்காரனா”ன்னு தெனமும் அதே கேள்வி, தெனமும் அதே சிரிப்பு. அடுத்த மாசம் ஈப்போல ஒரு 10 கிலோமீட்டருக்கு காசு கட்டி சட்டையும் வாங்கிட்டேன்.

விட்டுடலாமா? இல்ல என்னா தப்பு பண்றேன்னு யாராச்சும் சொல்லுங்களேன்.

கித்தாமரம்:

தம்பி, தெனமும் பரீட்ச எழுதுறீங்க, பாடம் எப்பப் படிப்பீங்க? ஒரே வரில இதான் உங்க பிரச்சன.

நான் பதினஞ்சு வருஷமா ஓடுறேன், இதுவரைக்கும் ஒரு கப்பும் வாங்குனதில்ல. உங்க மாதிரியே மொத ஆறு மாசம் ஏத்தம், அதுக்கப்புறம் தொபுக்கடீர்னு எறக்கம். ஓடாதவன் ஓட ஆரம்பிச்சா மொதல்ல எல்லாமே கூடும், மூச்சு சீக்கிரம் பழகிடும், ஆனா தசைநாரும் எலும்பும் பழக மாசக்கணக்காவும். மூச்சு “போடா”ங்குது, குதிகாலு “நில்லுடா”ங்குது. நீங்க மூச்சு சொல்றத மட்டும் கேட்டீங்க.

இன்னொன்னு, நம்ம ஊரு காத்து. காலையில ஆறு மணிக்கு போன்ல 24 டிகிரின்னு காட்டும், நல்லாதான இருக்குன்னு தோணும், ஆனா ஈரம் நூத்துக்கு தொண்ணூறுக்கு மேல. வேர்வ கொட்டும், காயாது. காஞ்சாத்தான ஒடம்பு சூடு எறங்கும்? எறங்காததால அதே வேகத்துக்கு இருதயம் அதிகமா அடிக்கும். குளிர் நாட்டுக்காரன் எழுதி வெச்ச நேரத்த பாத்துட்டு இங்க ஓடாதீங்க. உங்க 33 நிமிஷம் அன்னிக்கு மழ பேஞ்சு விட்டிருந்துச்சான்னு யோசிச்சுப் பாருங்க, அனேகமா ஆமான்னுதான் சொல்லுவீங்க.

நான் பண்றது இது: வாரத்துல நாலு நாள் ஓடுனா மூணு நாள் மெதுவா. எவ்வளவு மெதுவான்னா, கூட ஓடுறவர்கிட்ட நேத்து வீட்டுல நடந்த சண்டைய ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் மூச்சு வாங்காம சொல்ல முடியணும். முடியலன்னா வேகம் ஜாஸ்தி. மேடு வந்தா நடங்க, வெக்கப்படாதீங்க. 1998ல கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில நம்ம ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் நடந்தேதான் தங்கம் வாங்குனாரு, அவரப் பாத்து எவனாச்சும் கடன்காரன் தொரத்துறானான்னு கேட்டானா?

நானும் அடி வாங்குனவன்தான். பினாங்கு பாலத்துல ஒரு தடவ ஹாப் மாரத்தான் ஓடப் போனேன், 21 கிலோமீட்டரு, விடியக்காலம் இருட்டுல ஆரம்பம். பாலம் மொத்தமே 13.5 கிலோமீட்டர்தான், மோட்டோல போனா கடல ரெண்டு தடவ பாக்குறதுக்குள்ள முடிஞ்சிடும். ஓடுறப்ப அது நீளுது பாருங்க, எவனோ அந்தப் பக்கத்துல இருந்து இழுக்குற மாதிரி. மொத எட்டு கிலோமீட்டர் சிங்கம். பதினாறுல கெண்டக்கால் பிடிச்சிக்கிட்டு பாலத்து ஓரத்துல ஒக்காந்துட்டேன், என்னை விட இருபது வயசு பெரிய சீனத்தி ஒருத்தங்க தோளத் தட்டிட்டு குடுகுடுன்னு போனாங்க. முடிச்சேன், கடைசில வந்த கூட்டத்தோட. அந்த மெடல்தான் இன்னிக்கும் வீட்டுல தொங்குது.

செராஸ்_பேட்மிண்டன்:

விடுங்க பாஸ். 40 தாண்டி ஓடுனா முட்டிக்கால் தேஞ்சிடும். ஹால்ல பேட்மிண்டன் வெளையாடுங்க, நாயும் இல்ல, வெயிலும் இல்ல.

கித்தாமரம்:

இந்த முட்டிக்கதைய எல்லாரும் சொல்றாங்க, அதனால பதில் போடுறேன். 2017ல பல ஆய்வுகள சேத்து வெச்சுப் பாத்தாங்க, இடுப்பு முட்டி தேய்மானம் பொழுதுபோக்குக்கு ஓடுறவங்கள்ல நூத்துக்கு 3.5, ஓடாம ஒக்காந்திருக்குறவங்கள்ல 10.2. ஆனா போட்டிக்குன்னு ஓடுறவங்களுக்கு 13.3. ஒக்காந்தே இருக்குறதும் ஆவாது, வெறி பிடிச்சு ஓடுறதும் ஆவாது, நம்ம மாதிரி சும்மா ஓடுறவன்தான் பொழச்சான். ஓடுறதாலதான் தேயலன்னு அடிச்சு சொல்ல முடியாது, ஏற்கெனவே முட்டி நல்லா இருக்குறவன்தான் ஓட வருவான். ஆனா தேஞ்சிடும்னு பயமுறுத்த இதுல ஒண்ணும் இல்ல. பேட்மிண்டனும் நல்லதுதான், நானே அதுலதான் கணுக்கால ஒடிச்சிக்கிட்டேன்.

லயத்துப்பொண்ணு:

அண்ணே, நாய் விஷயத்துக்கு நான் வரேன், எங்க தோட்டத்துல ஏழு நாய் இருக்கு.

நாய் வந்தா ஓடாதீங்க. ஓடுனா அதுக்கு அது வெளையாட்டு. நின்னுடுங்க, மொகத்த அது பக்கம் வெச்சுக்கிட்டு மெதுவா நடந்து தாண்டுங்க, ரொம்ப கிட்ட வந்தா குனிஞ்சு கல்லெடுக்குற மாதிரி பண்ணுங்க, கல்லே வேணாம், குனிஞ்சாலே போதும், எந்தத் தோட்டத்து நாய்க்கும் அந்தக் கணக்கு தெரியும். கையில ஒரு குச்சி வெச்சுக்குங்க, அடிக்க இல்ல, காட்டத்தான். மீறிக் கடிச்சிட்டா கொழாயத் தொறந்துவிட்டு சோப் போட்டு பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு நேரா கிளினிக் போங்க, மஞ்சத்தூள் அப்பிட்டு வீட்டுல படுத்துடாதீங்க.

வெளிச்சத்துக்கு என்னா பண்றீங்க? நம்ம மேற்கு மலேசியாவுல 1982 ஜனவரில மணிய அரை மணி நேரம் முன்ன தள்ளி வெச்சதுல இருந்து சூரியன் வர்றதே ஏழு மணி வாக்குலதான். வேலைக்குப் போறவங்க ஓடணும்னா இருட்டுலதான் ஓடணும். நான் எங்கம்மாவோட தலை லைட்ட மாட்டிக்கிட்டு ஓடுறேன். அம்மா முப்பது வருஷம் ரப்பர் மரம் சீவி பால் எடுத்தவங்க. குளிர்ச்சியில பால் நல்லா எறங்கும், வெயில் ஏறுனா நின்னுடும், அதனால இருட்டுலயே நெரைக்குப் போயிடுவாங்க. மொத நாள் நான் அத மாட்டிக்கிட்டு கெளம்புனப்ப அம்மா வாசல்ல நின்னு பாத்துட்டு, “நான் இத மாட்டிக்கிட்டு சோத்துக்கு ஓடுனேன், நீ சோறு செரிக்க ஓடுறியா”ன்னாங்க. கோவமா சிரிப்பான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. ஆனா பேட்டரிய அவங்கதான் மாத்தி வெக்கிறாங்க.

செம்பனக்காட்டுக்குள்ள குறுக்குப் பாதையில போகாதீங்க. வெட்டுன மட்டைய நெரைக்கு நடுவுல அடுக்கி வெப்பாங்கள்ல, அதுல எலி இருக்கும், எலியத் தேடி நாகம் வரும். மட்டை முள்ளு சப்பாத்து அடியையும் கிழிச்சிட்டு உள்ள வரும், உங்க 90 வெள்ளி சப்பாத்துக்கு நல்லதில்ல 😄 லோரி போற செம்மண் ரோடு போதும்.

அப்புறம் தேத்தண்ணிக் கடை. உங்கள கடன்காரனான்னு கேக்குறாங்க, என்னைக் கேட்டதெல்லாம் இங்க எழுத முடியாது. பொம்பள ஓடுனா வேற பேச்சு. மொத ரெண்டு மாசம் எங்க வீட்டுக்காரர் மோட்டோல பின்னாடியே வந்தாரு, மெதுவா ஓட்டி ஓட்டி க்ளட்ச் போயிடுச்சு. இப்ப பள்ளிக்கூடத் திடல்ல நாங்க அஞ்சு பொம்பளைங்க சுத்துறோம். கடைக்காரர் சம்சாரமும் இருக்காங்க, அதுல இருந்து அந்தக் கடையில யாரும் வாயத் தொறக்குறதில்ல.

அடிடாஸ்கம்போங்:

பேரப் பாத்தாலே தெரியும் நான் என்னா சப்பாத்து போடுவேன்னு. தோட்டத்து கறுப்பு ரப்பர் சப்பாத்து, பத்து வெள்ளி சில்லறை, காட்டு ஓட்டத்துக்கு அத மிஞ்ச ஆளில்ல, சேத்துல வழுக்காது. ஆனா தார் ரோட்டுக்கு அது ஆவாது, நான் கெட்டது அதுலதான். தார் ரோட்டுல அதப் போட்டுட்டு நாலு மாசம் ஓடி உங்க குதிகால் வலி அப்பிடியே எனக்கு வந்துச்சு. ஏழு மாசம் இருந்துச்சுங்க, ஏழு மாசம்.

காலையில மொத அடி வெக்கிறப்ப குத்தி, நடக்க நடக்க விட்டுச்சின்னா அனேகமா உள்ளங்கால் நாரு வீக்கம். எனக்கு எது கேட்டுச்சின்னா, படிக்கட்டு ஓரத்துல நின்னு, வெரலுக்கு அடியில துண்ட சுருட்டி வெச்சு, குதிகால மெதுவா தூக்கி மெதுவா எறக்குறது, ஒருநாள் விட்டு ஒருநாள். பலன் தெரிய மூணு மாசம் ஆச்சு, நடுவுல ரெண்டு தடவ வெறுத்துப்போய் விட்டுட்டேன். சாயங்காலம் சின்ன பாட்டில்ல தண்ணி ஊத்தி ஐஸ்பெட்டியில வெச்சு, கட்டியானதும் அத உள்ளங்காலுக்கு அடியில போட்டு உருட்டுங்க, டிவி பாத்துக்கிட்டே பண்ணலாம். வீட்டுக்குள்ள வெறுங்காலோட டைல்ஸ்ல நடக்காதீங்க.

ஒண்ணு மட்டும் கொஞ்சம் கண்டிப்பா சொல்றேன். அப்பாவுக்கு கால் போனதுன்னு எழுதியிருக்கீங்க. பாதம் மரத்துப்போற மாதிரி, எறும்பு ஊர்ற மாதிரி இருந்தாலோ, ஓடாத நேரத்துலயும் வலிச்சாலோ, இங்க கேட்டுக்கிட்டு இருக்காம டாக்டர்கிட்ட காட்டுங்க. ஓடிட்டு வந்து சாக்ஸ கழட்டுனதும் வெரல் இடுக்கெல்லாம் பாருங்க, கொப்புளம் இருந்தா ஆறுற வரைக்கும் ஓட வேணாம்.

பள்ளிக்கூடத்துல குறுக்கோட்டம் ஓடுன ஞாபகம் இருக்கா யாருக்காச்சும்? செக்பாயிண்டத் தாண்டுனதுக்கு அடையாளமா கையில ராபியா கயிறு, அந்தக் கலர் பிளாஸ்டிக் கயிறு, கட்டி விடுவாங்க. நாங்க மூணு பேரு மொத நாளே அதே கலர் கயித்த கடையில வாங்கிட்டு, பால்மரத்துக்குப் பின்னாடி ஒக்காந்து கொய்யாக்கா தின்னுட்டு, கடைசி சுத்துல வந்து சேந்துக்கிட்டோம். எனக்கு எட்டாவது எடம். வாழ்க்கையில நான் வாங்குன ஒரே எடம் அதான்.

சிப்புட்காரன்:

எல்லாருக்கும் நன்றி. மூணு வாரம் கழிச்சு வரேன், மன்னிச்சிடுங்க, நைட் ஷிப்ட்.

குரூப்புல இருந்து வெளிய வரல, ஆனா சத்தத்த அடைச்சு வெச்சிட்டேன். கைக்கடிகாரத்த ஐஸ்பெட்டி மேல வெச்சிட்டு ஓடுறேன். அண்ணன் சொன்ன மாதிரி சண்டைக் கதைய சொல்லிப் பாத்தேன், கூட ஆளில்லாததால தனியா சத்தமா சொல்லிக்கிட்டே ஓடுனேன், எதிர்ல வந்த பங்களாதேஷ் வேலைக்காரர் பாவம் ஒதுங்கி நின்னுட்டாரு. அவ்வளவு மெதுவா ஓடுறது மொதல்ல அசிங்கமா இருந்துச்சு, நடக்குறவங்களே என்னைத் தாண்டிடுவாங்க போல. ஆனா வீட்டுக்கு வந்ததும் படுக்கத் தோணல, அது புதுசு. காட்டுக்குள்ள கம்பத்து மேல ஒரு மரப்பொட்டி இருக்கும்ல, எலி பிடிக்க ஆந்தைக்குன்னு தோட்டத்துல வெச்சது, எட்டு மாசமா அதுக்குக் கீழயே ஓடியிருக்கேன், ஆந்தைய இந்த வாரம்தான் பாத்தேன். மொகம் வெள்ளையா, தட்டு மாதிரி.

33 நிமிஷம் ஓடுன அன்னிக்கு மழ பேஞ்சுதான் விட்டிருந்துச்சு. போன்ல போட்டோ இருக்கு, ரோடெல்லாம் தண்ணி.

நாயிங்ககிட்ட குனிஞ்சேன். மூணு ஓடிடுச்சு. நாலாவது வந்து கைய நக்குது, இப்ப அது என்கூடவே முச்சந்தி வரைக்கும் ஓடி வருது, இதுக்கு என்னா பண்றதுன்னு அந்தத் தங்கச்சிதான் சொல்லணும்.

10 கிலோமீட்டருக்குப் போறேன், பாதிக்குப் பாதி நடக்குறதா முடிவு. ஓட்டத்துக்குன்னு சாலைய விட்டிருக்குற நேரத்துக்குள்ள வந்துட்டா சரி. அங்க சும்மாவே மைலோ ஊத்திக் குடுக்குற லோரி வருதாம், பையனும் வரேங்குறான், மைலோவுக்குத்தான். எனக்கு சீனி இல்லாத தேத்தண்ணி ஒரு ப்ளாஸ்க்ல.

கால் பத்துக்கு நாலு பங்கு வலி கொறைஞ்சிருக்கு. ஆனா ஐஸ் பாட்டில் மட்டும் வீட்டுல நிக்க மாட்டேங்குது, ரெண்டு தடவ பையன் எடுத்து உருக வெச்சு குடிச்சிட்டான். இப்ப அது மேல “அப்பா கால்”னு எழுதி ஒட்டியிருக்கேன்.