சர்க்கரை நோயாளிக்குப் பைபாஸ்: நெஞ்சுத் தமனிகள் இரண்டையும் எடுக்கலாமா?

கேள்வி:
வணக்கம். என் தந்தைக்கு வயது 61. நெடுநாளாகச் சர்க்கரை நோய் உண்டு, உடல் எடையும் அதிகம். ஆஞ்சியோவில் மூன்று குழாய்களிலும் அடைப்பு தெரிந்ததால் பைபாஸ் செய்யச் சொல்கிறார்கள். இடப்பக்க நெஞ்சுத் தமனியையும் காலிலிருந்து எடுக்கும் சிரைகளையும் அடைப்பைத் தாண்டும் மாற்றுப் பாதைகளாக வைத்துச் செய்வதாக மருத்துவர் கூறினார். நெஞ்சுத் தமனிகள் இரண்டையும் எடுத்தால்தான் நீண்டகாலம் தாங்கும் என்கிறார் உறவினர் ஒருவர். எது சரி? ஸ்டென்ட் போதாதா?

பதில் 1 (இதய அறுவை மருத்துவர்):
ஸ்டென்ட் போதாது. சர்க்கரை நோயோடு பல குழாய்களில் அடைப்பும் உள்ள 1,900 பேரைக் கொண்டு நடந்து, 2012-இல் வெளியான ஃப்ரீடம் ஆய்வில், ஐந்தாண்டு இறப்பு ஸ்டென்ட் பிரிவில் 16.3 விழுக்காடு, பைபாஸ் பிரிவில் 10.9 விழுக்காடு. பக்கவாதம் மட்டும் பைபாஸில் கூடுதலாக இருந்தது.

இடப்பக்கத் தமனியை இதயத்தின் முன்பக்கக் குழாயில் இணைப்பதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. பத்தாண்டு கழிந்தும் பெரும்பாலோருக்கு அது திறந்தே இருக்கிறது, கால் சிரைகளில் கணிசமானவை அதற்குள் அடைந்துவிடுகின்றன. உறவினர் சொல்வதற்கு அந்த வகையில் அடிப்படை உண்டு. ஆனால் நெஞ்செலும்புக்கு இரத்தம் தருபவையும் இதே தமனிகள்தாம். இரண்டையும் எடுத்துவிட்டால், பருமனும் கட்டுப்படாத சர்க்கரையும் உள்ளவருக்கு, அறுத்துக் கம்பியால் கட்டிய எலும்பு சேராமல் ஆழமாகச் சீழ் பிடிக்கும் ஆபத்து கூடுகிறது. சுற்றியுள்ள தசையோடு பட்டையாக எடுக்காமல் தமனியை மட்டும் தனியே பிரித்தெடுத்தால் அந்த ஆபத்து குறையும், நீங்காது. ஒரு நெஞ்சுத் தமனியையும் இரண்டையும் ஒப்பிட்டு, 2019-இல் வெளியான ஆர்ட் ஆய்வின் பத்தாண்டு முடிவிலும், இரண்டு தமனிகள் வைக்கத் திட்டமிடப்பட்ட பிரிவில் இறப்பு குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. உங்கள் தந்தைக்கு நானும் ஒன்றையே எடுப்பேன்.

பதில் 2:
மணிக்கட்டுத் தமனியைப் பற்றியும் கேளுங்கள். சிரையைவிட அது நன்றாகத் தாங்குகிறது, நெஞ்செலும்பையும் பாதிப்பதில்லை. ஆனால் கடுமையான அடைப்புள்ள குழாயில்தான் அதை இணைக்க வேண்டும். லேசான அடைப்பென்றால் பழைய வழியிலேயே இரத்தம் ஓடி, புதிய இணைப்பு சுருங்கிவிடும். சிறுநீரகம் பழுதடைந்து பின்னாளில் டயாலிசிஸ் தேவைப்படக்கூடியவருக்கு டயாலிசிஸுக்குக் கையின் இரத்தக்குழாய்கள் வேண்டியிருக்கும் என்பதால், அந்தக் கையைத் தொடாமல் விடுவதே நல்லது.

பதில் 3 (இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்):
எந்தக் குழாயை எடுத்தாலும், அறுவைக்குப் பின் இன்சுலினைச் சொட்டாக ஏற்றிச் சர்க்கரையை 180-க்குள் வைத்திருப்பதில்தான் புண் ஆறுவது பெரிதும் தங்கியிருக்கிறது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரை உட்கொள்கிறாரா என்று பாருங்கள். மருத்துவரிடம் சொல்லி, அறுவைக்கு மூன்று நாள் முன்பே அவற்றை நிறுத்த வேண்டும், இல்லையேல் சர்க்கரை அதிகம் ஏறாமலேயே இரத்தத்தில் அமிலம் கூடிவிடலாம். இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள இப்போதே பழக்குங்கள்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. தந்தை டாபாகிளிஃப்ளோசின் உட்கொள்கிறார், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் 1.7 என்று கூடுதலாக இருக்கிறது. இரண்டையும் நாளையே மருத்துவரிடம் தெரிவித்து, கைத் தமனி வேண்டாம் என்பதையும் பேசிவிடுகிறேன்.