புதுப்பிப்பு: பாட்டு கேட்க சவுண்ட்பாரா, ஜோடி ஸ்பீக்கரா?

ஹாலில் பாட்டு கேட்க சவுண்ட்பார் (டிவிக்குக் கீழே வைக்கும் நீளமான ஒற்றை ஸ்பீக்கர்) நல்லதா, புளூடூத் உள்ள ஜோடி ஸ்பீக்கர் நல்லதா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும் ஜோடியை வாங்கிவிட்டேன்.

இரண்டையும் ஒன்றுக்கொன்று ஆறடி தள்ளி வைக்கச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. கச்சேரிப் பதிவில் வயலின் ஒரு பக்கம், மிருதங்கம் மறுபக்கம் என்று தெளிவாகப் பிரிந்து கேட்கிறது. சுவரை ஒட்டி இருந்தபோது மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தரும் பக்கம்) கும்மென்று அடைத்தது. ஓரடி முன்னால் இழுத்ததும் சரியாகிவிட்டது.

எதிர்பாராதது ஒன்று: டிவியை ஆப்டிகல் கேபிளில் (ஒலியை ஒளியாகக் கடத்தும் கேபிள்) இணைத்தால் சத்தமே வரவில்லை. டிவியின் ஒலி அமைப்பில் டால்பியை (சுருக்கி அனுப்பும் ஒலி வடிவம்) எடுத்துவிட்டு பிசிஎம் (சுருக்காத சாதாரண ஒலி வடிவம்) வைத்ததும் வந்தது. இந்த வகை ஸ்பீக்கர்கள் பலவும் டால்பியை ஏற்காது. படம் பார்க்க புளூடூத் வேண்டாம், உதட்டசைவுக்குப் பிந்தித்தான் குரல் வருகிறது.