ஆளே வராத குளிர்காலத்தில் சிறு ஊர் அருங்காட்சியகங்கள்: உங்கள் அனுபவம் என்ன?

ஒரு வேலையாகப் போன சிறு ஊரில், கடுங்குளிர் நேரத்தில், சனி ஞாயிறு இரண்டு நாளும் சும்மா இருக்க வேண்டியதாகிவிட்டது. மாலை ஐந்துக்கெல்லாம் இருட்டு. பார்க்க என்ன இருக்கிறது என்று தங்கிய இடத்தில் கேட்டேன். "இரண்டு அருங்காட்சியகங்கள் உண்டு, ஆனால் உள்ளே ஒன்றுமில்லை" என்றார்கள். ஒன்றுமில்லாததைப் பார்க்க இரண்டு நாள் தாராளம் என்று கிளம்பினேன்.

முதலாவதன் கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. தள்ளினால் உள்ளே கும்மிருட்டு. எங்கிருந்தோ ஓர் அம்மாள் கையில் தூரிகையோடு, "கொஞ்சம் இருங்கள், விளக்கைப் போடுகிறேன்" என்று விரைந்து வந்தார். நான் ஓர் அறைக்குள் நுழைந்தால் அங்கே விளக்கு எரியும். வெளியே வந்ததும் அணைந்துவிடும். ஒரே ஆளுக்காக அவர் அறை அறையாகக் கூடவே வருவது எனக்குக் கூச்சமாக இருந்தது. "எனக்காக ஏன் சிரமம்? எல்லாவற்றையும் போட்டுவிடுங்களேன்" என்றேன். "சிரமம் உங்களுக்காக இல்லை, துணிகளுக்காக" என்றார்.

துணி, நீர்வண்ண ஓவியம், பழைய கடிதம் ஆகியவற்றுக்கு 50 லக்ஸ் வெளிச்சமே உச்சவரம்பு என்று வைத்திருக்கிறார்கள். எண்ணெய் வண்ண ஓவியத்துக்கு 200 வரை விடலாம். வெளிச்சம் செய்கிற கெடுதல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே போகும். பிறகு எத்தனை நாள் இருட்டில் வைத்தாலும் போன நிறம் திரும்பாது. ஆள் வராத மாதங்கள்தான் அந்தத் துணிகளுக்கு ஓய்வு. நான் போய் அந்த ஓய்வைக் கெடுத்தேன்.

நடு அறையில் ஒரு பட்டுக் கவுனை நிறுத்தாமல் கிடத்தி வைத்திருந்தார்கள். நெடுக நெடுகக் கீறல். யாரோ பிளேடால் இழுத்ததுபோல. "பூச்சியா?" என்று கேட்டேன். "வியாபாரி" என்றார். கச்சாப் பட்டின் பசையைப் போக்கினால் எடையில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடும். பட்டு விற்றதோ எடைக் கணக்கில். ஆகவே 19-ஆம் நூற்றாண்டில் அதை வெள்ளீய உப்புக் கரைசலில் முக்கி, போன எடையை மீட்டார்கள். பலர் அதற்கு மேலும் ஏற்றினார்கள். துணி கனமாக, சரசரவென்று இருக்கும், வாங்கியவருக்கும் மகிழ்ச்சி. அந்த உப்பு பல பத்தாண்டுகள் உள்ளிருந்தே இழையை நொறுக்கிவிடுகிறது. அதற்கு மருந்தில்லை. கல்லாவை மூடிவிட்டு வியாபாரி போய்ச் சேர்ந்தபின் களவு வெளியே வருகிறது.

குளிர்காலம்தான் அங்கே பெரிய துப்புரவுக் காலம். தூரிகையால் தூசியை மெல்லத் தள்ளி, தூசி உறிஞ்சும் கருவியின் வாய்க்கு நேரே கொண்டுவருவார். அந்த வாயில் வலைத்துணி கட்டியிருக்கும், உதிரும் சில்லு எதுவும் உள்ளே போய்விடாதபடி. குழாயை நான் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். ஒரு நொடி என் கைகளைப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

ஒரு நாற்காலியைச் சாய்த்தபோது அடிப்பக்கத்தில் கறுப்பு மையில் 1968.14.3 என்று இருந்தது. 1968-இல் வந்தது, அந்த ஆண்டின் 14-ஆவது கொடை, அதில் மூன்றாவது பொருள். அவ்வளவுதான், அதன்பின் நான் எந்தப் பொருளையும் பொருளாகப் பார்க்கவில்லை. எண்ணைத் தேடிக் குனிந்துகொண்டே திரிந்தேன். வேறோர் அறையில் ஒரு மூக்குக் கண்ணாடி: 1968.14.1. கைத்தடி 14.2. மாடிப்படியருகே தொட்டில், 14.4. கைக்கடிகாரம் 6, தையல் பெட்டி 7. விளக்கக் குறிப்புகளில் "கண்ணாடி", "தொட்டில்" என்று மட்டுமே எழுதியிருந்தது. ஆனால் ஒரு வீடு மொத்தமாக ஒரே நாளில் காலியாகி, இந்தக் கட்டடத்துக்குள் ஆளுக்கொரு மூலையாகப் பிரிந்து கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை போன இரண்டாவது அருங்காட்சியகத்தில் பாடம் செய்த பறவைகள். பழைய காலத்தில் தோலுக்கு ஆர்செனிக் தடவுவார்கள் என்பதால் தொடக் கூடாதாம். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. திரும்பவும் முதலாவதற்கே போனேன்.

உங்களுக்கு இப்படி ஏதாவது நேர்ந்திருக்கிறதா? சொல்லுங்கள்.

*

நான் போனது இன்னும் சின்னது, மூன்றே அறை. உள்ளேயும் வெளியே போலவே குளிர். காவலர் கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சூடேற்றி கெட்டுவிட்டதா என்று கேட்டதற்கு மூலையில் இருந்த ஒரு பெட்டியைக் காட்டினார். கண்ணாடிக்குள் மெல்லச் சுழலும் உருளை. அதில் சுற்றிய வரைதாளில் பேனா முனை கோடு போட்டுக்கொண்டிருந்தது. உருளை ஒரு சுற்றுக்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்ளும். பேனாவை ஆட்டுவிப்பது உள்ளே கட்டியிருக்கும் மனிதத் தலைமுடிக் கற்றை! ஈரம் ஏறினால் முடி நீளும், காய்ந்தால் குறுகும். 1783-இல் சொசூர் என்ற சுவிஸ் அறிஞர் இதை வைத்துக் கருவி செய்திருக்கிறார்.

மனிதர்களுக்காக அறையைச் சூடாக்கினால் காற்று காய்ந்து, மரப்பெட்டிகள் சுருங்கி வெடிக்கும். அதனால் பெட்டிகள் சுகமாக இருக்க இவர் நடுங்குகிறார். நாங்கள் மூன்று பேர் நனைந்த கோட்டோடு நின்று பேசிக்கொண்டிருந்தோம். கிளம்பும்போது பார்த்தால் பேனா போட்ட கோட்டில் சின்ன மேடு. "இது நீங்கள்" என்றார். அந்த வாரத்தில் வேறு மேடே இல்லை.

*

எல்லோரும் இனிப்பாகவே சொல்கிறீர்கள். வாசல் பலகையில் திறந்திருக்கும் நேரம் எழுதியிருந்தும் பூட்டிய கதவுக்கு முன்னால் நான் நாற்பது நிமிடம் விறைத்து நின்றிருக்கிறேன். குளிர்கால நேரம் வேறாம்; அது சாவி வைத்திருப்பவருக்கு மட்டும் தெரியும். தயவுசெய்து முதல் நாளே ஒரு போன் போட்டுவிட்டுப் போங்கள்.

இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். அன்று அம்மாவும் கூட வந்திருந்தார். காளான் வடிவத்தில் ஒரு மரத்துண்டு, குறிப்பில் "பொம்மை?" என்று பென்சிலில் எழுதியிருந்தார்கள். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "பொம்மையா? காலுறைக்குள் இதை விட்டு ஓட்டையைத் தைப்போமே" என்றார். சாவிக்காரர் அங்கேயே ரப்பரை எடுத்து அழித்துவிட்டு, பென்சிலை அம்மாவிடம் நீட்டினார். நாற்பது நிமிடத்தை அப்போது மன்னித்தேன்.

இந்தக் குறிப்பு எழுதுகிற வேலைக்கும் வயது அதிகம். இன்றைய ஈராக்கில் உள்ள ஊர் நகரத்தின் இடிபாடுகளில் 1925-இல் லெனார்ட் வூலி என்ற பிரிட்டிஷ் தொல்லியலாளர் தோண்டியபோது, ஒரே அறையில் வெவ்வேறு நூற்றாண்டுப் பொருள்கள் சேர்ந்து கிடந்தன. கூடவே ஒரு களிமண் உருளை. அதில் பழைய செங்கல் ஒன்றின் வாசகத்தைப் பார்த்து எழுதியிருந்தது. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் பாபிலோன் அரசனின் மகள் என்னிகால்டி வைத்திருந்த அருங்காட்சியகம் என்று வூலி சொன்னார். (ஊர் என்பதுதான் அந்த நகரத்தின் பெயர். எந்த ஊர் என்று கேட்காதீர்கள்.)

*

முதல் பதிவு எழுதியவருக்கு: 1, 2, 3, 4, 6, 7 சொன்னீர்கள். 5 எங்கே?

*

அதே கேள்வியோடுதான் ஞாயிறு பிற்பகல் திரும்பிப் போனேன். தொட்டிலுக்கு அடுத்த எண் என்பதால் கொஞ்சம் தயங்கித்தான் கேட்டேன். அந்த அம்மாள் என்னைச் சேமிப்பறைக்குக் கூட்டிப்போய் ஒரு உறைபெட்டியின் மூடியைத் தூக்கினார். உள்ளே பாலிதீன் பையில் ஒரு குழந்தையின் கம்பளித் தொப்பி. அந்துப்பூச்சி விழுந்துவிட்டதாம். பூச்சிமருந்து அடித்தால் துணி கெடும். மைனஸ் 30 டிகிரியில் மூன்று நாள் வைத்தால் முட்டை உட்பட எல்லாம் சாகும். அவரிடம் இருப்பது சாதாரண உறைபெட்டி, மைனஸ் 20 வரைதான் போகும். எனவே இரண்டு வாரம்.

புதன்கிழமை எடுக்கப் போவதாகச் சொன்னார். எடுத்ததும் பிரிக்க மாட்டார். உடனே பிரித்தால் குளிர்ந்த கம்பளியில் நீர் கோத்துக்கொள்ளும். ஒரு நாள் பையோடு மேசைமேல் கிடக்க வேண்டும். வியாழக்கிழமைதான் அந்தத் தொப்பி வெளியே வரும். எனக்கு ஞாயிறு இரவே ரயில்.