புதுப்பிப்பு: பேக்-மேன் பெட்டிக்கு உயிர் வந்துவிட்டது

பேய்களிடம் சிக்காமல் புள்ளிகளைத் தின்றுகொண்டே ஓடும் வீடியோ கேம்தான் பேக்-மேன். 1980-இல் வெளிவந்த அந்த விளையாட்டின் பழைய ஆர்கேட் பெட்டி (காசு போட்டு ஆடும் இயந்திரம்) ஒன்று என்னிடம் இருக்கிறது. படம் ஓரங்களில் சுருங்கி நெளிவதால், படக்குழாயைக் கழற்றிவிட்டு எல்சிடி திரை வைக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். வைக்கவில்லை. பழைய திரையே பிழைத்துவிட்டது!

குழாயில் குறையே இல்லை. அதை இயக்கும் மின்பலகையில் கெப்பாசிட்டர்கள் (மின்னூட்டத்தைத் தேக்கும் சிறு பாகங்கள்) உலர்ந்து போயிருந்தன. அவற்றை மாற்றியதும் படம் நிமிர்ந்து நின்றது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் படக்குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம். அதை முறைப்படி வெளியேற்றத் தெரிந்தவர் உடன் இல்லாமல் கை வைக்க வேண்டாம்.

முன்பு யாரோ பொருத்தியிருந்த எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கையும் மாற்றிவிட்டேன். இந்த விளையாட்டுக்கு நான்கு திசைக் குச்சிதான் சரி. மற்றது மூலைவாட்டில் சாய்ந்து திருப்பங்களைக் கெடுத்துவிடும். திருப்பம் வருவதற்குச் சற்று முன்பே குச்சியைத் தள்ளினால், பேக்-மேன் மூலையை வெட்டிக்கொண்டு பாய்கிறது. துரத்தும் பேய்கள் பின்தங்கிவிடுகின்றன. அந்த நுட்பம் இப்போதுதான் கைக்கு வசப்பட்டது. நேற்றிரவு மகளும் நானும் மாறி மாறி ஆடி, ஆப்பிள் தோன்றும் ஐந்தாம் கட்டத்தை முதல்முறையாகத் தொட்டோம்.