மறு: ஸ்கேஃபோல்டிங்குக்குத் தமிழ் – சாரம் கட்டுவதும் பிரிப்பதும்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மாணவர் தனியே செய்ய முடியாததைச் செய்ய ஆசிரியர் தற்காலிகமாகக் கொடுத்து, பிறகு எடுத்துவிடுகிற உதவியைக் கல்வித் துறையில் ஸ்கேஃபோல்டிங் என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்று இந்த இழையில் இதுவரை வந்த மடல்களைப் படித்தேன். கற்றல் ஆதரவு, தாங்கல், கைத்தாங்கல், ஏணி, கொழுகொம்பு, நடைவண்டி, முட்டு, சாரம் என்று பல சொற்கள் வந்திருக்கின்றன. எனக்குக் கட்டட வேலையில் ஏறி நிற்கக் கட்டுகிற சாரம்தான் சரி என்று படுகிறது. கொஞ்சம் விரிவாகவே காரணம் சொல்கிறேன். திருமங்கலம் பக்கம் தொடக்கக் கல்விப் பட்டயம் படிக்கும் பயிற்சி மாணவர்களுக்கு வகுப்பெடுப்பது என் வேலை. இந்தச் சொல் இல்லாமல் எனக்கு ஒரு வாரம்கூட ஓடாது.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். இது சோவியத் உளவியலாளர் வைகாட்ஸ்கி பரப்பிய சொல் என்று ஒரு மடலில் இருந்தது. அவர் 1934-இலேயே காலமாகிவிட்டார். அவருடைய கருத்துகளோடு இது சேர்த்துப் பேசப்படுவது உண்மைதான். ஆனால் கல்வி ஆய்வில் இந்தச் சொல் பரவியது 1976-இல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் மூவரும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு. அவர்கள் ஆய்ந்தது மூன்று, நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் 30 பேரை. 21 மரக்கட்டைகள், சரியாகப் பொருத்தினால் ஒரு பிரமிடு வரும். கூட உட்கார ஒரு ஆசிரியை. குழந்தையால் எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் குழந்தையே செய்ய வேண்டும், முதலில் வாயால் சொல்லிப் பார்க்க வேண்டும், அது போதாதபோதுதான் கையால் காட்ட வேண்டும் என்பது அவருக்கான ஏற்பாடு.

மூன்று வயதுக் குழந்தைகளிடம் அவருக்குப் பெரும்பாடு, அவர்களை அந்த விளையாட்டுக்குள் இழுத்து உட்கார வைப்பது. நான்கு வயதுக்காரர்களைத் தூண்டவும் திருத்தவும் வேண்டியிருந்தது. ஐந்து வயதுக்காரர்களுக்குப் பெரும்பாலும் சரிபார்த்துச் சொன்னாலே போதும். அதே ஆசிரியை, அதே கட்டைகள்; ஆனால் உதவி ஆளுக்கு ஆள் வேறு. வுட்டும் அவருடன் ஆய்ந்தவர்களும் இதை எளிய விதியாகவே வைத்தார்கள்: குழந்தை தடுமாறினால் உதவியைக் கூட்டு, செய்துவிட்டால் அடுத்த முறை குறைத்துக்கொள். 2010-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் மூவர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து மூன்று அடையாளங்களைச் சொன்னார்கள். உதவி, மாணவரின் அப்போதைய நிலைக்குப் பொருந்த வேண்டும். அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய வேண்டும். செய்யும் பொறுப்பு கடைசியில் மாணவரிடம் போய்ச் சேர வேண்டும்.

ஆக, நமக்கு வேண்டிய சொல் வெறும் உதவியைச் சொன்னால் பற்றாது. எடுத்துவிடப் போகிற உதவி என்பது அதற்குள் இருக்க வேண்டும். என் வாதம் முழுக்க இந்த ஒரு இடத்தில்தான் நிற்கிறது.

> 'கற்றல் ஆதரவு' என்றே வைத்துக்கொள்ளலாமே, யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை

டீச்சர், எளிமை எனக்கும் வேண்டும். ஆனால் இந்தச் சொல்லில் ஒரு ஆபத்து இருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில் ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில்தான் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. அது மாணவர் ஆதரவு. இலவசப் பேருந்துப் பயணம், விடுதி, பாடநூல், பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு வேண்டிய கருவி எல்லாம் மாணவர் ஆதரவு. இவற்றில் எதையும் 'பிள்ளை தேறிவிட்டான், இனிக் குறைத்துக்கொள்வோம்' என்று நாம் சொல்ல மாட்டோம். சொல்லவும் கூடாது. ஆனால் கழித்தல் கணக்குக்குப் போட்டுக் கொடுத்த கட்டத்தை ஒரு நாள் எடுத்தே ஆக வேண்டும். எடுக்கக் கூடாததற்கும் எடுத்தே தீர வேண்டியதற்கும் ஒரே பெயர் வைத்தால் இரண்டு பக்கமும் கெடும். நாளை யாராவது ஆய்வுக் கட்டுரையைக் காட்டி 'ஆதரவு படிப்படியாக விலக்கப்பட வேண்டும் என்றுதானே இருக்கிறது' என்று சோற்றில் கைவைக்கலாம். மறுபக்கம், பத்தாம் வகுப்பு வரை வினா விடைத் தொகுப்பை மனப்பாடம் செய்ய வைப்பதும் கற்றல் ஆதரவு என்ற பெயரிலேயே நடக்கலாம்.

கட்டம் என்று சொன்னதை விளக்குகிறேன். என் பயிற்சி மாணவி ஒருவர் மூன்றாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழிப்பதைச் சொல்லிக் கொடுத்தார். 52-இலிருந்து 27 போக எவ்வளவு என்பது போன்ற கணக்குகள். பத்துகளுக்கு ஒரு கட்டம், ஒன்றுகளுக்கு ஒரு கட்டம், மேலே கடன் வாங்கியதை எழுத ஒரு சின்னக் கட்டம் என்று கரும்பலகையில் போட்டுக் கொடுப்பார். பிள்ளைகள் அழகாகச் செய்தார்கள். வாரங்கள் போயும் கட்டம் போகவில்லை. நான் பார்வைக்குப் போன அன்று, கட்டம் இல்லாமல் ஒரு கணக்கை எழுதிப் போட்டேன். வகுப்பு அப்படியே நின்றுவிட்டது. 'கட்டம் போட்டுத் தாங்க மிஸ்' என்று அந்தப் பெண்ணைப் பார்த்துக் கேட்டார்கள். அவர் நல்ல ஆசிரியராக வரப் போகிறவர், பிள்ளைகள்மேல் உயிரையே வைத்திருக்கிறார். உதவுவது என்ற சொல் அவரிடம் இருந்தது. உதவியைப் பிரித்தெடுப்பதும் கற்பித்தல்தான் என்பதற்கு அவரிடம் சொல் இல்லை. இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இந்தச் சொல்லுக்கு இவ்வளவு மெனக்கெடுகிறேன்.

சரி, மற்றவற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஏணி நல்ல சொல், ஆனால் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றலில், பாடப் படிநிலைகளின் வரிசைக்கே ஏணி என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த அட்டைகளை வைத்துப் பாடம் எடுத்தவர்களிடம் ஏணி என்றால் அவர்கள் அதைத்தான் நினைப்பார்கள். கைத்தாங்கல் என்றால் நோயாளி நினைவுக்கு வருகிறார். தாங்கல், மனத்தாங்கல் பக்கம் இழுக்கிறது. முட்டு கட்டட வேலையில் உள்ள நல்ல சொல்தான், ஆனால் 'முட்டுக் கொடுப்பது' இணையத்தில் இப்போது என்ன பொருளில் ஓடுகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

கொழுகொம்பு கேட்க அழகாக இருக்கிறது, இலக்கிய மணமும் இருக்கிறது. ஆனால் சோழவந்தான் கொடிக்காலில் அகத்தியைப் பற்றி ஏறுகிற வெற்றிலைக் கொடி கடைசி வரை அகத்தியோடுதான் இருக்கும். கொடிக்குத் தனியே நிற்கும் நாள் என்று ஒன்று கிடையாது. நாம் சொல்ல வருவதற்கு நேர் எதிர்.

நடைவண்டிதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. குழந்தை தானே தள்ளுகிறது, தானே நடக்கிறது, நடை வந்ததும் வண்டி பரண்மேல் போய்விடுகிறது. எல்லாம் பொருந்துகிறது. இடிப்பது ஒன்றுதான். நடைவண்டி எப்போதும் ஒரே உயரம், ஒரே உதவி. முதல் நாளும் கடைசி நாளும் அதில் மாற்றம் இல்லை. அந்த 1976 ஆசிரியை மூன்று வயதுக்கு ஒரு மாதிரியும் ஐந்து வயதுக்கு ஒரு மாதிரியும் இருந்தாரே, அது இதில் வராது. பார்த்துப் பார்த்துக் கூட்டிக் குறைக்கிற ஒரு ஆளும் இதில் இல்லை.

இனிச் சாரம். மதுரைப் பக்கம் கொத்தனார், சித்தாள் எல்லோர் வாயிலும் உள்ள சொல். சவுக்குக் கம்பு, கயிறு, பலகை போய் இரும்புக் குழாய் வந்த பிறகும் பெயர் மாறவில்லை. 2009-இல் மீனாட்சியம்மன் கோயில் குடமுழுக்குக்கு முன்னால் கோபுரங்களில் சாரம் நின்றதைப் பார்த்தவர்கள் இந்தக் குழுமத்திலேயே பலர் இருப்பீர்கள். சுவர் எவ்வளவு எழுந்திருக்கிறதோ அதற்கேற்ற உயரத்துக்குத்தான் சாரம் எழும். பூச்சு வேலை மேலிருந்து கீழே இறங்க இறங்க, முடிந்த இடத்தில் சாரத்தை அவிழ்த்துக்கொண்டே வருவார்கள். நிலைக்கேற்பக் கூடுவதும் வேலை முடிய முடியக் குறைவதும் அதன் இயல்பிலேயே இருக்கிறது.

அதைவிட முக்கியம், இந்தச் சொல்லுக்குத் தமிழில் உயிருள்ள வினைகள் ஜோடியாக இருக்கின்றன. சாரம் கட்டுவார்கள், சாரம் பிரிப்பார்கள். கட்டு என்றால் பிரி என்பது கூடவே வந்துவிடுகிறது. ஆதரவுக்கு 'படிப்படியாக விலக்கிக்கொள்ளல்' என்று நாமாகத்தான் ஒட்ட வைக்க வேண்டும். இங்கே அந்த வேலை இல்லை. பாடக்குறிப்பேட்டைப் பார்க்கும்போது 'இந்தச் சாரத்தை எப்போது பிரிக்கப் போகிறீர்கள்?' என்று நான் கேட்டால், உசிலம்பட்டியிலிருந்து வரும் பயிற்சி மாணவருக்கு அகராதி தேவைப்படாது. அவர் அப்பாவோ சித்தப்பாவோ சாரத்தில் நின்றவராக இருப்பார்.

> சாரத்தில் கட்டப்படுவது சுவர். அப்படியென்றால் மாணவர் வெறும் சுவரா? கட்டுபவர் ஆசிரியரா?

இந்த இழையில் வந்த ஆகச் சிறந்த எதிர்க்கேள்வி இது, பொறியாளர் அண்ணனுக்கு நன்றி. ஆங்கிலச் சொல்லுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். எனக்குத் தோன்றும் பதில் இது. சாரத்தின் மேல் ஏறி நிற்பது யார்? கொத்தனார். சாரம் சுவருக்காக இல்லை, சுவர் கட்டுகிற ஆளுக்காக. அவருக்குக் கை எட்டாத உயரத்தை எட்ட வைப்பதுதான் அதன் வேலை. அப்படிப் பார்த்தால் மாணவர்தான் கொத்தனார், எழும்புவது அவருடைய அறிவு, ஆசிரியர் சாரம் கட்டிக் கொடுக்கிறவர். ஆகவே வேற்றுமை உருபைக் கவனமாகப் போடுவோம்: 'மாணவருக்குச் சாரம் கட்டுதல்' என்று நான்காம் வேற்றுமையில்தான் வர வேண்டும். 'மாணவரைச் சுற்றிச் சாரம் கட்டுதல்' என்று எழுதினால் அண்ணன் பயந்தது நடந்துவிடும்.

அடுத்த சிக்கல், பொருள் மயக்கம். பாடத்தின் சாரம் என்றால் பிழிவு. திருநெல்வேலி நண்பர் எழுதியதுபோல அங்கே சாரம் என்றால் கைலி. இலங்கை நண்பர்களுக்கும் அதேதான். வினையாக வரும்போது பெரிய குழப்பம் இல்லை, 'சாரம் பிரித்தல்' என்பதைப் பிழிவோடு யாரும் குழப்ப மாட்டார்கள். பெயர்ச்சொல்லாகத் தனியே நிற்கும்போதுதான் இடறும். அதற்குச் 'சாரக்கட்டு' என்று வைத்தால் தெளிந்துவிடும். தலைப்பிலும் சொல்லடைவிலும் சாரக்கட்டு. வாக்கியத்துக்குள் சாரம் கட்டு, சாரம் பிரி. திருநெல்வேலியில் 'சாரம் கட்டினான்' என்றால் கைலி கட்டினான் என்றும் ஆகும்தான், ஆனால் 'கணக்குக்குச் சாரம் கட்டினார்' என்ற இடத்தில் ஆகாது. நான்காம் வேற்றுமை அங்கேயும் கைகொடுக்கிறது.

துணைச்சொற்களில் ஒன்றை மட்டும் விரிவாகப் பேசுகிறேன். உதவி மாணவரின் நிலைக்குப் பொருந்துவது என்ற முதல் அடையாளத்துக்கு (ஆங்கிலத்தில் கன்டின்ஜென்சி) 'தற்செயல்தன்மை', 'நிகழ்வுச் சார்பு' என்று இரண்டு முன்மொழிவுகள் வந்தன. இரண்டும் புள்ளியியலில் இருந்து வருகின்றன, வகுப்பறைக்கு ஒட்டவில்லை. நமக்கு வேண்டியது நன்னூலிலேயே இருக்கிறது. பவணந்தி முனிவர் பாடம் சொல்லும் முறையைக் கூறும் நூற்பாவில் 'கொள்வோன் கொள்வகை அறிந்து அவன் உளங்கொள' என்கிறார். கற்பவன் எந்த அளவில், எந்த வகையில் ஏற்றுக்கொள்வான் என்று அறிந்து, அவன் மனம் ஏற்கும்படி சொல்ல வேண்டும். வுட் சொன்ன விதிக்கு அடிப்படையும் இந்த அறிதல்தான், அறிந்தால்தானே கூட்டவோ குறைக்கவோ முடியும். அதனால் அதைக் 'கொள்வகை அறிதல்' என்றே வைக்கலாம். பண்டிதத்தனமாக இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் 'கொள்' என்பது நாளும் புழங்கும் வேர், ஒரு முறை விளக்கினால் நிற்கும். தமிழக அரசுப் பள்ளிகளில் அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்கும் வந்த எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலை பார்த்துப் பாடம் எடுக்கிற ஆசிரியர்கள் அந்தச் செயலின் ஒரு பகுதியை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார்கள், பெயர்தான் இல்லை. நிலை பார்ப்பது வாரத்துக்கு ஒரு முறை நடந்தால் போதாது, கணக்குக்குக் கணக்கு நடக்க வேண்டும் என்பதையும் இந்தப் பெயரை வைத்துப் பேசலாம்.

உதவி குறைவது என்ற இரண்டாவது அடையாளத்துக்குச் 'சாரம் பிரித்தல்' இருக்கிறது. பொறுப்பு மாணவரிடம் சேர்வது என்ற மூன்றாவதற்குப் 'பொறுப்பு ஒப்படைத்தல்' போதும், அதில் யாருக்கும் மறுப்பு இல்லை என்று நினைக்கிறேன்.

பிள்ளை தனியே செய்ய முடிவதற்கும் உதவியோடு செய்ய முடிவதற்கும் இடைப்பட்ட பகுதியை வைகாட்ஸ்கி ஒரு மண்டலம் என்றார்; அதற்கு 'அண்மை வளர்ச்சி மண்டலம்' சரியா, 'எட்டும் தொலைவு' சரியா என்பதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். இங்கே கலந்தால் இரண்டும் முடியாது.

என் கோரிக்கை ஒன்று. கோவை, தஞ்சை, வடமாவட்டங்களில் இருப்பவர்கள் உங்கள் ஊர்க் கொத்தனாரிடம் கேட்டு எழுதுங்கள்: அவர்கள் 'பிரிப்பது' என்கிறார்களா, 'அவிழ்ப்பது', 'இறக்குவது' என்கிறார்களா? பெயர்ச்சொல்லில் எனக்கு ஐயம் இல்லை. வினைதான் எல்லா ஊரிலும் ஒரேபோல் ஒலிக்க வேண்டும், ஏனென்றால் பயிற்சிக் கையேட்டில் நான் முதலில் ஏற்றப் போவது 'சாரம் பிரித்தல்' என்ற தலைப்பைத்தான். அடுத்த பருவம் தொடங்குமுன் பதில் வந்தால் நல்லது.

அன்புடன்,
திருமங்கலத்திலிருந்து