கல்வெட்டில் எழுதாதவை: உங்கள் அனுபவம் என்ன?

மீசாலையான்:
போன மாதம் ஒரு சாவு வீட்டில் 31ஆம் நாள் சடங்கு. சாப்பாடு முடிந்ததும் கல்வெட்டு, அதாவது இறந்தவரைப் போற்றி அச்சிட்ட நினைவுப் புத்தகம், கொடுத்தார்கள். வழமையான புத்தகம்தான்: தேவாரம், வெண்பா, பின்னட்டையில் பேரப்பிள்ளைகள். அந்த வீட்டில் நெல்லுக் குத்திய கிழவி படலையடியில் நின்றார். தனக்கும் ஒன்று வாங்கி, என்னிடம் நீட்டி வாசிக்கச் சொன்னார். "வந்தாரை வாழவைத்த வள்ளல்" என்ற வரியில் சிரித்துவிட்டார். "தம்பி, குடிக்க அவருக்குப் பித்தளை மூக்குப்பேணி, எனக்குச் சிரட்டை. குடித்ததும் நானே கழுவி வேலியில் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" உண்மையிலேயே தேடுகிறவன்போலப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது.

கோண்டாவில் மூத்தவர்:
செத்தவரைத் தோண்டி என்ன பயன்? காலம் அப்படி. அன்று சாதி பார்த்துச் சிரட்டை வைக்காத வீடு எது? அவர் ஊருக்குச் செய்ததையும் விசாரித்து எழுதியிருக்கலாம். என் அனுபவம் வேறு. 1995 ஒக்டோபர் 30, மழை இரவு. போரால் இடம்பெயர்ந்து, யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தால் நகர்ந்துகொண்டிருந்தது. கைதடிப் பக்கத்தில் ஒரு பெண் தன் கிணற்றடியில் நின்று, வந்த எல்லோருக்கும் அள்ளி அள்ளி ஊற்றினாள். எங்களோடு வந்த பெரியவர் ஒருவர், தன் கிணற்றுக் கயிற்றை எவரையும் தொடவிடாதவர், இரு கையேந்தி மூன்று முறை வாங்கிக் குடித்தார். குடித்து முடித்த பிறகுதான் "இது யார் வீடு?" என்று கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை, அடுத்தவருக்கு ஊற்றப் போய்விட்டாள்.

வடமராட்சி வாசகி:
மூத்தவரே, உங்கள் கதையே உங்கள் வாதத்தை உடைக்கிறதே! "காலம் அப்படி" என்பது எந்தக் காலம்? சாதி சொல்லிப் பொது இடத்தில் ஒருவரைத் தடுப்பது குற்றம் என்று சட்டம் வந்தது 1957இல். உள்ளே விடச் சொல்லி மாவிட்டபுரத்தில் கோயில் வாசலில் மறியல் நடந்தது 1968இல். அப்போதே தெரிந்துதான் செய்தார்கள்.

கல்வெட்டு அச்சடிக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், கேட்காவிட்டாலும். புலவரிடம் பெயரை மட்டும் மாற்றி வெண்பா வாங்காதீர்கள். வீட்டில் வேலை செய்தவர்களிடமும் கடைக்காரரிடமும் போய் விசாரியுங்கள். கடன் கணக்கு இருந்தால் முதலில் அதைத் தீருங்கள். மண்டபச் செலவில் பாதியைக் குறைத்து ஒரு பிள்ளையின் படிப்புக்குக் கொடுங்கள். நம் முன்னோர் பிரசவத்தில் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி கட்டினார்கள். மாடு முதுகு உரசிக்கொள்ள ஆவுரஞ்சிக் கல் நட்டார்கள். யார் தலைச்சுமையை இறக்கினாலும் சுமைதாங்கி சாதி கேட்காது. மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் 1847க்கும் 1873க்கும் இடையில் இங்கே இருந்த காலத்தில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், அதற்கான நூல்களையும் தமிழில் ஆக்கினார். அமெரிக்காவில் உள்ள அவர் கல்லறையில் 'தமிழருக்கு மருத்துவ நற்செய்தியாளர்' என்ற பொருளில் எழுதியிருக்கிறது. வெண்பா இல்லை.

என் கதை சின்னது. அப்பா போன அன்று ஊரில் யாருக்கும் தெரியாத ஒருவர் வந்து திண்ணையில் அழுதுவிட்டுப் போனார். யார் என்று இன்றுவரை தெரியவில்லை.

சுழிபுரத்து மருமகள்:
வேலை செய்தவர்களை விசாரித்து எழுதச் சொல்வது எளிது அக்கா. நாங்கள் எழுதினோம். படுக்கையில் கிடந்த மாமியைக் கடைசிவரை குளிப்பாட்டியது வேலைக்கு வந்த பெண்தான். கல்வெட்டில் மக்கள், மருமக்கள் வரிசைக்குக் கீழே அவள் பெயரையும் போட்டேன். கனடாவிலிருந்து பெரிய மைத்துனர் தொலைபேசியில் கத்தினார்: "அவள் என்ன உரித்தா, சொந்தமா?" அச்சாகிவிட்டது என்று பொய் சொன்னேன். உண்மையில் மறுநாள்தான் அச்சுக்குப் போனது. 31ஆம் நாள் உறவினர் பாதிப் பேர் புத்தகத்தைக் கதிரையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவள் மகள் வந்து ஒவ்வொரு கதிரையாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு போனாள். கனடாவுக்கு அனுப்பப் பிரதி இல்லை. மைத்துனருக்காக மறுபடி அச்சடிக்க வேண்டியதாயிற்று, அதே பக்கத்தோடு.