புதுப்பிப்பு: 4கே வட்டு மதிப்பெண்கள், இன்னும் இரண்டு படங்கள்

போன பதிவில் ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ 4கே வட்டின் (வழக்கமான எச்டி வட்டை விட நான்கு மடங்கு பிக்சல்கள் கொண்டது) படத் தரத்துக்குப் பத்துக்குப் பத்து, ‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்’டுக்கு எட்டு என்று போட்டிருந்தேன். 1962இல் வந்த படம் 2015 படத்தை எப்படி முந்தும் என்று பலர் கேட்டார்கள். எல்லாம் மூலப் பிரதியைப் பொறுத்தது. லாரன்ஸ் 65 மிமீ நெகட்டிவில், அதாவது வழக்கமான 35 மிமீயை விட அகலமான, நுணுக்கம் கூடுதலாகப் பதியும் ஃபிலிமில் எடுத்தது. அதை 4கேயை விடவும் நுணுக்கமான 8கேயில் ஸ்கேன் செய்து புதுப்பித்தார்கள். பாலைவனத்தில் ஓமர் ஷெரீஃப் தூரத்துப் புள்ளியாகத் தோன்றி நெருங்கும் காட்சியில், அந்தப் புள்ளி கொஞ்சமும் கலங்குவதில்லை. ஃப்யூரி ரோட் டிஜிட்டலில் எடுத்து, 4கேயை விட நுணுக்கம் குறைந்த 2கேயில் முடித்தது. வட்டில் இருப்பது பெரிதாக்கிய பிம்பம்தான். ஆனாலும் எச்டிஆரில் (ஒளி, நிற வீச்சைக் கூட்டிக் காட்டும் நுட்பம்) அந்த ஆரஞ்சு மணலும் தீயும், அப்பப்பா! ஒலிக்குப் பத்து, அதில் மாற்றமில்லை.

சரி, புதிதாகப் பார்த்தவை. ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’: படத் தரம் பத்து, ஒலி எட்டு. இதுவும் 65 மிமீ. விண்வெளியின் கறுப்பு சாம்பலாக வெளிறாமல் கறுப்பாகவே நிற்கிறது.

‘டெர்மினேட்டர் 2’: படத்துக்கு ஒன்பது, 4கே வட்டுக்கு நாலரை. ஃபிலிமுக்கே உரிய துகள்களை வழித்தெடுத்ததில் அர்னால்டின் முகம் மெழுகுப் பொம்மை மாதிரி ஆகிவிட்டது. சலுகை விலையில் கண்ணில் பட்டாலும் அவசரப்பட்டு வாங்காதீர்கள்.